திகதி இல்லாத அறிவித்தல்

தம்பி,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. தபாலில் வந்தால் நீ வாசித்துவிட்டு மடித்து மேசை லாச்சிக்குள் வைப்பாய், அடுத்த ஞாயிறு போனில் "கிடைச்சது அம்மா" என்பாய், அதோடு கதை முடிந்துவிடும். அதனால் நீ இணையத்தில் கட்டிய ஊர்ப் பக்கத்திலேயே, ஊரார் மரண அறிவித்தல் போடுகிற அதே இடத்திலேயே போடுகிறேன். ரொறன்ரோவில் இருக்கிற ஊர்ச்சங்கத்துக்காரர் வாசிக்கட்டும். பரிஸிலும் லண்டனிலும் இருந்து தினம் காலையில் இன்றைக்கு ஊரில் யார் போனது என்று பார்க்கிறவர்களும் வாசிக்கட்டும். பெயர், இடம், திகதி என்று எல்லாப் பெட்டிகளையும் ஒழுங்காக நிரப்பியிருக்கிறேன். உன் பக்கம் எதை வெளியில் விடும், எதை விழுங்கும் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். இது வெளியில் வரும்.

போன கிழமை நீ அனுப்பிய கட்டுரையை யாழ்ப்பாணத்து இன்ரநெற் கடைப் பெடியன் அச்சடித்துத் தந்தான். வேலணைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் வாசித்தேன். இத்தனை வருஷம் கணக்குப் படிப்பித்தவளுக்கு வரைபு பார்க்க ஆங்கிலம் அவ்வளவு தேவையில்லை, மிச்சத்தை நீயே போனில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாய். இணையப் பக்கம் எழுதுகிறவர்கள் பிழை வந்தால் அதை எந்தெந்த வழியில் கையாளலாம், அதில் எது விரைவு என்று ஒப்பிட்டிருக்கிறாய். நிறையப் பேர் பாராட்டி எழுதியிருக்கிறார்களாம். ஊர்ச்சங்கமும் வருகிற ஒன்றுகூடலில் உனக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறதாம், வேலணையின் பெருமையை உலகுக்குக் கொண்டுபோனவன் என்று. நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தானே அனுப்பினாய். நான் பஸ்ஸில் இருந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்த மனிசி எனக்கு ஏதோ வருத்தம் என்று நினைத்து எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டா.

வாசிக்கிற மற்றவர்களுக்காக உன் கட்டுரையை நான் சுருக்கிச் சொல்கிறேன். முதல் வழி, ஆள் தட்டி அனுப்புகிற ஒவ்வொன்றையும் உள்ளே எடுக்க முதல் சோதிப்பது. பெயர் இருக்கிறதா, திகதி திகதிதானா என்று பார்த்து, இல்லையென்றால் சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்புவது. இரண்டாவது வழி, சோதிக்காமல் உள்ளே எடுப்பது. எங்காவது பிழைத்தால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தி, பிழை எங்கே எப்படி வந்தது என்ற முழு விபரத்தையும் சேர்த்துக்கொண்டு மேலே போய், அதற்குப் பொறுப்பான இடத்தில் முறையிடுவது. அதை நீ எக்செப்ஷன் என்பாய். பிழை வராதவரை அதற்கு ஒரு செலவும் இல்லை, வந்தால் மட்டும் மெதுவாகப் போகும் என்று எழுதியிருக்கிறாய். மூன்றாவது வழி, பிழையைப் பிடித்து, ஒன்றும் செய்யாமல், எவருக்கும் சொல்லாமல், எங்கும் குறித்து வைக்காமல் விட்டுவிடுவது. இதோடு நீ இன்னொன்றையும் சேர்த்தாய். உள்ளே பதிய முதலே, "பதியப்பட்டது, நன்றி" என்று ஆளுக்குச் சொல்லி அனுப்பிவிடுவது. நீ ஒவ்வொரு வழியையும் உன் மேசையில் திருப்பித் திருப்பி ஓடவிட்டு நேரம் பார்த்திருக்கிறாய். மூன்றாவதுதான் வென்றது. வெல்லாமல் என்ன செய்யும்? வேலை செய்யாதவன் எப்போதும் முதலில் வீட்டுக்குப் போய்விடுவான்.

உன்னை அவசரப்படுத்தியது நான்தானே என்று நீ சொல்ல முதல் நானே சொல்லிவிடுகிறேன். ஓம், சமாதான காலத்தில் நீ இந்தப் பக்கத்தைக் கட்டித் தந்தபோது, சந்தியில் இருந்த என்னுடைய ரைப்பிங் கடையில்தான் எங்கள் தீவு ஆள்கள் எல்லாம் வந்து அறிவித்தல் அடிப்பித்தார்கள். ரெலிபோன் வயரில் வந்த இன்ரநெற். ஒரு பக்கம் திறந்து முடிய நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டும் வரலாம். முழு அறிவித்தலையும் அடித்து அனுப்பினால், ரெலிபோன் நம்பரில் ஒரு இலக்கம் குறைகிறது என்று சிவப்பில் திரும்பி வரும், அடித்ததெல்லாம் அழிந்திருக்கும். செத்தவீட்டுக்காரர் அழுதுகொண்டு வாங்குப் பலகையில் இருப்பார்கள். நான் உனக்குப் போன் எடுத்து, "உன்ரை பக்கத்தாலை எனக்கு ஏலாது, கெதியா ஓடுற மாதிரி ஒண்டு செய்" என்று ஏசினேன். நீ கெதியா ஓடுகிற மாதிரி ஒன்று செய்தாய். நான் கெதியாகத்தான் கேட்டேன். பொய் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நீ சின்ன வயதிலேயே அப்படித்தான். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து குடியிருந்த புதிதில் ஒரு பின்னேரம், உன்னைச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினேன். நாளைக்கு வள்ளம் இறக்கக்கூடாது என்று கரையில் நேவிக்காரர் அறிவித்திருக்கிறார்கள், சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு வா என்றேன். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு சாட்டிக் கடற்கரைக்குப் போய்ப் பொழுதுபட மட்டும் பந்தடித்துவிட்டு வந்தாய். "சொன்னனியோ?" என்று கேட்டேன். "ஓம், சொல்லியாச்சு" என்றாய். கண் கூடச் சிமிட்டவில்லை. அடுத்த நாள் சித்தப்பா வழமைபோலக் கடலுக்குப் போனார். கரையில் வைத்துப் பிடித்து, நல்ல வெயிலுக்குள் பொழுதுபட மட்டும் முழங்காலில் நிறுத்தினார்கள். ஊர் முழுக்கப் பார்த்தது. அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு நான் பூவரசங் கம்பு முறித்து உன்னை அடித்த அடி உனக்கு நினைவிருக்கும். அதைத் தடுத்ததும் அவர்தான். முழங்கால் இரண்டிலும் தோல் உரிந்திருக்க, நொண்டிக்கொண்டு வந்து கம்பைப் பிடித்தார். "விடுங்கோ அக்கா. பிள்ளை பயத்திலை சொல்லிப்போட்டான்" என்றார். நான் விட்டேன். விட்டிருக்கக்கூடாது.

அந்தச் சித்தப்பாவின் அறிவித்தலைத்தான் உன் பக்கம் விழுங்கியது.

ஊரறிந்த கதைதான், என்றாலும் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் தங்கச்சி புவனேஸ்வரிக்கும் அவள் புருஷன், உன் சித்தப்பா தருமலிங்கத்துக்கும் ஒரே பிள்ளை, வதனி. படிக்கவென்று நோர்வேக்குப் போனவள் அங்கே ரவீந்திரனைக் கட்டினாள். அவனும் எங்கள் தீவான்தான். ஆனால் நாங்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீட்டுப் பிள்ளை. அன்றோடு வதனிக்கும் எங்களுக்கும் இனிப் போக்குவரத்தும் நன்மை தின்மையும் இல்லை என்று முடிவெடுத்தோம். முதலில் சொன்னது நான். என் தங்கச்சி அழுதுகொண்டு தலையாட்டினாள், சித்தப்பா எழும்பிக் கரைப்பக்கம் போனார். உனக்கும் போனில் கட்டளை போட்டேன், அவளோடு கதைக்கக்கூடாது என்று. நீ "ஓம் அம்மா" என்றாய். கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி வளர்ந்தவளைக் கைவிட உனக்கு ஒரு நிமிஷம் கூட எடுக்கவில்லை. அதிலும் நீ விரைவுதான்.

போர் திரும்பவும் தொடங்கிப் பாதை பூட்டியிருந்த காலத்தில், அரிசியும் மாவும் ஏற்றிக்கொண்டு சித்தப்பா நெடுந்தீவுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை வெளிக்கிட்டவர். அன்று பின்னேரமே காற்று எழும்பிக் கடல் பிழைத்துவிட்டது. சனிக்கிழமை வள்ளம் மட்டும் இறுப்பிட்டிக் கரையில் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. தேடிப்போக நேவியிடம் பாஸ் எடுக்கவே நாள்கள் போயின. ஆள் கிடைக்கவில்லை. ஐயர் வந்து, நாள் தெரியாமல் போனவர்களுக்கு அமாவாசையில் கிரியை செய்யலாம் என்றார். சாட்டிக் கரையில் வைத்து எல்லாம் செய்து முடித்தோம். முடிந்த கையோடு என் தங்கச்சி கடைக்கு வந்து, "அக்கா, அவருக்கு ஒரு அறிவித்தல் அடி" என்றாள். நான் காகிதம் எடுத்தேன். அன்னாரின் மனைவி இன்னார் என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "வதனியின்ரை பேரைப் போடு" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "அவன்ரை பேரையும் போடு. மருமகன் எண்டு போடு" என்றாள்.

வெளியூர்க்காரருக்கு இது ஒரு பெயர்ப்பட்டியல். எங்கள் ஆள்களுக்கு மரண அறிவித்தலில் ஒரு பெயர் வருவதும் வராமல் விடுவதும் என்னவென்று தெரியும். எந்த மருமகன் யாருக்கு அடுத்ததாக வந்தான், எந்த மகளின் பெயரை விட்டார்கள் என்று பார்த்துத்தான் ஒவ்வொரு குடும்பத்தின் உறவையும் பகையையும் ஊர் அறிந்துகொள்கிறது. ரவீந்திரன் அவர்களின் அன்பு மாமனார் என்று அச்சில் வந்தால், அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை என்று உலகம் முழுக்கச் சொன்னதாகும். அந்தப் பிள்ளையின் பெயரை உச்சரிக்கக்கூடச் சம்மதிக்காதவள் என் தங்கச்சி. அவளே வந்து போடச் சொன்னாள். என்றாலும், "போனிலை சொன்னால் என்ன, பேசாமல் எடுத்துக் கதையன்" என்றேன். வெளிநாட்டுக்குப் போன் கிடைப்பதே அப்போது பெரும்பாடு. அவள் அதைச் சொல்லவில்லை. "நான் எடுக்கமாட்டன். பேரைப் போடு. அவள் உந்தப் பக்கத்தை நெடுகப் பாக்கிறவள். பாத்தால் எடுப்பாள்" என்றாள். நன்மை தின்மை வேண்டாமென்று சொன்னவர்கள் திரும்பவும் வேண்டும் என்று வாயால் சொல்வது எங்களுக்கு வழக்கமில்லை.

திகதிப் பெட்டிக்கு வந்தோம். "செவ்வாய் எண்டு போடவோ, புதன் எண்டு போடவோ?" என்றேன். அவள் எழும்பி நின்றுவிட்டாள். "எந்த நாளெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது அக்கா? புதன் எண்டு போட்டால், செவ்வாய் இரா முழுக்க அந்த மனிசன் தண்ணிக்குள்ளை உயிரோடை கிடந்தவர், நாங்கள் வீட்டிலை சோறு திண்டுகொண்டு இருந்தனாங்கள் எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி. செவ்வாய் எண்டு போட்டால், தேட முதலே கைவிட்டிட்டன் எண்டு வரும். தெரியாது எண்டு போடு" என்றாள். அன்றைக்குக் கடையில் இன்ரநெற் லைன் செத்துப்போய்க் கிடந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறிப்போய், இன்ரநெற் கடையில் இருந்து முழுவதையும் நானே அடித்தேன். திகதிப் பெட்டியில் "தெரியாது" என்று அடித்தேன். பழைய பக்கம் என்றால் சிவப்பில் திரும்பி வந்திருக்கும், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திகதியைப் போட்டிருப்பேன். புதிய பக்கம் அடித்து முடிந்ததும் முடியாததுமாக, "பதியப்பட்டது, நன்றி" என்றது. இவ்வளவு கெதியாக வேலை செய்கிறானே என் பிள்ளை என்று பெருமையாக இருந்தது. அந்தக் கடைப் பெடியனிடம் சொல்லவும் சொன்னேன், இது என் மகன் செய்தது என்று.

திரும்பி வந்து தங்கச்சியிடம், "போட்டாச்சு" என்றேன். அன்றிலிருந்து அவள் என் கடைக்குக் காவல். கடையில் இருந்த போனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு காலையில் இருந்து கடை பூட்டுமட்டும் இருப்பாள். மணி அடித்தால் எழும்பி நிற்பாள். வேறு ஆளென்றால் இருந்துவிடுவாள். முதல் கிழமை, "அவளுக்கு வேலையாக்கும்" என்றாள். பிறகு, "லைன் கிடைக்கேல்லையாக்கும்" என்றாள். ஒருநாள் கதிரையைத் திருப்பி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, "அவன்ரை பேரைப் போட்டும் அவளுக்குப் போதாது" என்றாள். அதோடு கடைப்பக்கம் வரவில்லை. எனக்கு வதனி மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. தகப்பன் செத்து, தாய் தன் மானத்தை விட்டு இறங்கி வந்த பிறகும் ஒரு போன் எடுக்காத பிள்ளை என்ன பிள்ளை என்று வருகிற போகிற எல்லோரிடமும் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன். நீ, "அவள் அப்பிடித்தான் அம்மா" என்றாய். உன்னுடைய பக்கத்தை நீயே ஒருதரம் திறந்து, சித்தப்பாவின் அறிவித்தல் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்திருந்தால் போதும். பதியப்பட்டது என்றதை நம்பி நான் பார்க்கவில்லை, கட்டிய நீயும் பார்க்கவில்லை. வேகம் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய்.

என் தங்கச்சி அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. வருத்தம் என்னவென்று டொக்டர் ஒரு பெயர் சொன்னார், எனக்குத் தெரிந்த பெயர் வேறு. கடைசிக் கிழமை என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருத்தித் தன் அறிவித்தலைத் தானே சொன்னாள். காலஞ்சென்ற தருமலிங்கத்தின் மனைவி. இன்னாரின் தங்கை. "பிள்ளையள் எண்டு ஒருத்தற்றை பேரும் வேண்டாம்" என்றாள். "யோசிச்சுச் சொல்லு" என்றேன். "யோசிச்சுத்தான் சொல்லுறன். பேர் போட்டு ஒருக்கால் காத்திருந்தது போதும்" என்றாள். செத்த அன்று அவள் சொன்னபடியே அடித்தேன். இந்தமுறை திகதி இருந்தது. உன் பக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு கண் சிமிட்டில் ஏற்று, ஒரு கண் சிமிட்டில் நோர்வேக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது.

அன்று இரவே போன் வந்தது. வருஷக்கணக்காகக் கேட்காத குரல். "பெரியம்மா, வதனி கதைக்கிறன்" என்றாள். வைத்துவிடத்தான் நினைத்தேன். "அம்மாவின்ரை அறிவித்தல் பாத்தன்" என்றாள். பிறகு அவள் மெதுவாக, படிக்கிற பிள்ளை கேள்வி கேட்கிற மாதிரிக் கேட்டாள். "அதிலை அப்பாவுக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு கிடக்கு, பெரியம்மா. பிழையாய் அடிச்சுப் போட்டியளோ? அப்பா எங்கை?"

நான் பூசிமெழுகத் தெரியாதவள், எல்லாவற்றையும் சொன்னேன். கடலையும் வள்ளத்தையும் சொன்னேன். உன் பெயரும் இருந்தது, உன் புருஷன் பெயரும் இருந்தது, மருமகன் என்று நானே என் கையால் அடித்தேன், கொம்மா போனுக்கு முன்னால் இருந்து காத்திருந்தாள் என்றேன். அவள் அங்கே கொம்பியூட்டரைத் தட்டுவது கேட்டது. தேடினாள். அந்த மாதம் முழுவதையும் தேடினாள். எல்லோருடைய பெயரும் இருந்தது, தகப்பனுடையது இல்லை. "பெரியம்மா," என்றாள், "நீங்கள் என்னை ஆற்றுறதுக்குப் பொய் சொல்லுறியள். நீங்கள் அப்பிடிப் பொய் சொல்லுற ஆளும் இல்லையே. அவ்வளவுக்கு என்னைப் பாக்கப் பாவமாய்க் கிடக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். நான் வாழ்நாளில் ஆறுதல் வார்த்தை சொன்னதில்லை என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் சொன்ன ஒரே ஒரு நாளில் உண்மையைச் சொல்லியும் அவள் நம்பவில்லை.

உடனே உனக்கு எடுத்தேன். நீ வேலையில் இருந்தாய். பொறுங்கோ என்றாய், எதையோ தட்டிப் பார்த்தாய். "திகதி இல்லாட்டி டேற்றாபேஸ் எடுக்காது அம்மா" என்றாய், மழை பெய்தால் நனையும் என்று சொல்கிற மாதிரி. "எடுக்காட்டி, பதியப்பட்டது எண்டு ஏன் எனக்குச் சொன்னது?" என்றேன். "அது முதலே சொல்லிப்போடும். அப்பத்தான் கெதி." "பிறகு பிழைச்சது எண்டு உனக்காவது சொல்லேல்லையோ?" "அதைப் பிடிச்சு விட்டிடுவன் அம்மா. எழுதி வைக்கப் போனால் நேரம் போகும்." "அப்ப நான் அடிச்சது எங்கை?" "இல்லை அம்மா. அது எங்கையும் இல்லை." பிறகு நீ சொன்னாய், "வருசத்திலை ஒண்டு ரெண்டுதான் அம்மா இப்பிடிப் போகும். அதுக்காக எல்லாருக்கும் பக்கத்தை மெதுவாக்க ஏலாது." நான் இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரைக்கும் உன் பக்கம் அப்படியேதான் இருக்கிறது. நேற்றும் ஒருக்கால் வெறும் திகதிப் பெட்டியோடு அனுப்பிப் பார்த்தேன். நன்றி என்றது.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். நீ அளந்தது ரொறன்ரோவில் உன் மேசையில். ஒரு வழிக்கும் மற்ற வழிக்கும் உள்ள வித்தியாசம் மனிதனுக்குத் தெரியாத அளவு சிறிது என்று நீயே கட்டுரையின் நடுவில் ஒத்துக்கொண்டிருக்கிறாய். நான் காத்துக்கொண்டிருந்ததோ இங்கே, இந்த வயரில். நீ சோதனையை நீக்கியது எனக்கு ஒரு மிடறு தேத்தண்ணிக்குக்கூட உதவவில்லை. முழுப்பக்கத்தையும் திருப்பி அனுப்பாமல், அடித்ததை அழிக்காமல் வைத்திருந்தாலே போதுமாய் இருந்தது. அது நேரம் பிடிக்கிற வேலை, உனக்கு அதைச் செய்யப் பஞ்சி. அதோடு, நீ ஓடவிட்டுப் பார்த்த அறிவித்தல்கள் எல்லாம் நீயே செய்தவை. எல்லாவற்றிலும் பெயர் இருந்திருக்கும், திகதி இருந்திருக்கும். செத்த நாள் தெரிந்தவர்களை மட்டும் வைத்து நீ சோதனை செய்தாய். இந்தத் தீவில் நாள் தெரியாமல் போனவர்கள் எத்தனை வீட்டில் என்று உனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. நீ இங்கே பிறந்தவன். வெள்ளைக்காரப் பெடியன் இந்தப் பிழையை விட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

உன்னிடம் நான் கேட்டது ஒரே ஒரு விஷயம். வதனிக்குப் போன் எடுத்து, "சித்தப்பாவின்ரை அறிவித்தலை விழுங்கினது என்ரை பக்கம்தான்" என்று சொல். நான் சொல்லி அவள் நம்பவில்லை. எங்கும் குறிப்பு இல்லை, காட்டுவதற்குக் காகிதம் இல்லை, அந்த அறிவித்தலைக் கேட்டவளும் செத்துவிட்டாள். அதைக் கட்டியவன் சொன்னால்தான் அவள் நம்புவாள். வேறு ஒருவரும் இல்லை. நீ என்ன சொன்னாய்? ஒன்றுகூடல் முடியட்டும் அம்மா என்றாய். இது வெளியில் தெரிந்தால் எல்லோரும் தங்கள் வீட்டு அறிவித்தலையும் தேடத் தொடங்குவார்கள், பக்கத்தின் பெயர் கெட்டுவிடும் என்றாய். நான் விடாமல் பிடித்தபோது உனக்குக் கோபம் வந்தது. "பிழை எண்டு சொல்லி உங்களிட்டை வந்த நேரமெல்லாம் அடிச்சனீங்கள். சரி எண்டு சொன்ன நேரம் விட்டனீங்கள். நான் வேறை எங்கை பழகினனான்?" என்றாய். நல்ல கதை. நன்றாக யோசித்து வைத்திருக்கிறாய். அதையும் அந்த மேடையில் சொல், கை தட்டுவார்கள். உன்னைவிட அதிகம் என்னிடம் அடி வாங்கியவள் வதனி. அவள் கட்டப்போகிறவனின் பெயரை போனில் என்னிடமே நேராகச் சொன்னவள்.

அவள் இப்போது தாயும் தகப்பனும் தன்னை வெறுத்துக்கொண்டே செத்தார்கள் என்று நம்பிக்கொண்டு அந்தக் குளிருக்குள் இருக்கிறாள். பக்கத்தில் இருக்கிற ரவீந்திரன், தன்னால்தான் இவளுக்கு இந்தக் கதி என்று நினைத்துக்கொண்டு இருப்பான். அவனை மருமகன் என்று ஒரு தாய் தன் வாயால் சொன்னதை இந்த உலகத்தில் கேட்டவள் நான் ஒருத்திதான். எனக்கும் எழுபது நெருங்குகிறது. இனிப் பஸ் ஏறினால் மூச்சு வாங்குகிறது.

அதனால் தம்பி, என் அறிவித்தலையும் அடித்து வைத்துவிட்டேன். கடையை இப்போது நடத்துகிற பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். அன்னார் வதனி அவர்களின் பாசமிகு பெரியம்மாவும், ரவீந்திரன் அவர்களின் அன்பு மாமியாரும் என்று முதல் வரியிலேயே வருகிறது. உன் பெயர் அதற்குப் பிறகு இருக்கிறது. நான் விடவில்லை, விட எனக்கு மனம் வரவில்லை. உனக்குப் போன் எடுக்கக்கூடாது என்று அந்தப் பிள்ளையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இங்கே இருக்கிற சொந்தக்காரரிடமும் சொல்லியாயிற்று. எல்லாரும் ஓம் என்றார்கள், என் சொல்லைத் தட்டுகிறவர்கள் இங்கே இல்லை. அறிவித்தல் உன் பக்கத்துக்கு மட்டும்தான் வரும். திகதிப் பெட்டியில் மட்டும் "தெரியாது" என்று அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பக்கம் பதியப்பட்டது, நன்றி என்று சொல்லும். நீ அன்றைக்கும் வேலைக்குப் போவாய்.

அம்மா